விவாத இழை: சிறப்பு பி.எட். சேர்க்கை – அறிவுசார் குறைபாடா, கற்றல் குறைபாடா? கூடவே ஒரு ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) மாதிரி

வெள்ளக்கடை_மிளகு

வணக்கங்க. பி.எஸ்சி. கணிதம் முடிச்சாச்சு. அடுத்து சிறப்புக் கல்வியில பி.எட். லேசான, மிதமான குறைபாடு உள்ள பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும், அதுவும் ஏற்காடு மலைப் பள்ளிகள்ல. அறிவுசார் குறைபாடு பிரிவா, கற்றல் குறைபாடு (படிக்க, எழுத, கணக்குப் போட மட்டும் திணறுறது) பிரிவா, எதை எடுக்கலாம்? சேருறதுக்கு முன்னால என்னென்ன சரிபார்க்கணும்?

எழுதிப் பழகலாம்னு ஒரு ஐ.இ.பி. போட்டேன், கற்பனை மாணவனுக்கு. தப்பு இருந்தா தாராளமா கிழிச்சுப் போடுங்க:

"ஆறாம் வகுப்பு, மிதமான அறிவுசார் குறைபாடு. ஆண்டு இலக்கு: பணம் பற்றிய அறிவைப் பெறுதல். குறுகிய கால இலக்கு: நாணயங்களைப் புரிந்துகொள்ளுதல். கற்பித்தல் பொருள்: நாணயப் படங்கள் ஒட்டிய சார்ட். மதிப்பீடு: வாய்மொழி வினா."

ஐந்துரோடு

ஐ.இ.பி.க்குப் பிறகு வருகிறேன். முதலில் படிப்பு.

"லேசான–மிதமான" என்ற தலைப்பில் இந்தியாவில் ஆசிரியர் படிப்பு கிடையாது. கலிஃபோர்னியாவில் ஆசிரியர் உரிமத்தையே ஆதரவுத் தேவையின் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள்: லேசு முதல் மிதம் ஒன்று, அதிகத் தேவை இன்னொன்று. இங்கே குறைபாட்டின் வகையை வைத்துப் பிரிவு: அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், செவித்திறன், பார்வைத்திறன், பல்வகைக் குறைபாடு. ஆகவே இணையத்தில் அமெரிக்கப் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு அதே பெயரில் இங்கே தேடினால் கிடைக்காது.

சட்டப்படி முக்கியமானது ஆர்.சி.ஐ. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றம். படிப்பை அது அங்கீகரித்திருக்க வேண்டும். முடித்தபின் மையப் பதிவேட்டில், அதாவது சி.ஆர்.ஆரில், உங்கள் பெயர் ஏற வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் பட்டம் வெறும் தாள். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்: அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. குறிப்பிட்ட பிரிவுக்கு, குறிப்பிட்ட கல்வியாண்டுகளுக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரே கல்லூரியில் செவித்திறன் பிரிவுக்கு அனுமதி நடப்பில் இருக்கும், அறிவுசார் பிரிவுக்குக் காலாவதி ஆகியிருக்கும். மன்றத்தின் இணையதளப் பட்டியலில் கல்லூரி பெயர், பிரிவு, நீங்கள் சேரும் ஆண்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று அலுவலகத்தில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

2015 பாடத்திட்டத்திலிருந்து நேரடி பி.எட். 2 ஆண்டு, 4 பருவம். சேலத்துக்குப் பக்கம் என்றால் கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா வளாகம், அவினாசிலிங்கம். சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசிய பல்வகைக் குறைபாடு நிறுவனம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு இரண்டரை ஆண்டு. எங்கே சேர்ந்தாலும் செய்முறைப் பயிற்சி எந்தப் பள்ளியில், யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் செய்முறை ஏடு மட்டும்தான் கிடைக்கும்.

சாதாரணப் பள்ளியில் ஆசிரியராகவும் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் இதையும் மனதில் வையுங்கள்: 2010 என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்வி மன்றம்) அறிவிக்கையின்படி சிறப்புக் கல்வி பட்டம் அல்லது பட்டயம் பெற்றவர் தொடக்கக் கல்வியில் பணி நியமனம் பெற்றபின் 6 மாதச் சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி

"லேசு, மிதம்" என்ற சொற்களை ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறோம், அதனால் இது.

அறிவுசார் குறைபாட்டில் நுண்ணறிவு ஈவு 50–69 லேசு, 35–49 மிதம். ஆனால் அந்த எண் மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கைத் திறனும் குறைந்திருக்க வேண்டும். 2018 ஜனவரி அரசிதழ் வழிகாட்டுதலில் குறைபாட்டின் சதவீதம் கணக்கிட்டதே வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலை வைத்துத்தான்: லேசுக்கு 50%, மிதத்துக்கு 75%. இரண்டுமே சலுகைக்குத் தேவையான 40 சதவீதக் கோட்டுக்கு மேல். அதனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகள் "லேசு" பிள்ளைக்கும் உண்டு. "லேசுதானே, மாற்றுத்திறனாளி அட்டை எதுக்கு" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்புவது தவறு.

கற்றல் குறைபாடு 1995ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் 7 வகைகளில் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் வந்தது. அதே 2018 வழிகாட்டுதலில் சான்று 8 வயதில், பிறகு 14இல், 18இல் மறுமதிப்பீடு என்று இருந்தது. அந்தக் கணக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சான்று இருக்காது. சான்று வரட்டும் என்று காத்திருந்தால் எழுத்துப் பழக வேண்டிய 2 ஆண்டு போய்விடும். கற்பிக்கச் சான்று தேவையில்லை. தேர்வுச் சலுகைக்குத்தான் தேவை.

இன்னொன்று. நுண்ணறிவுச் சோதனையை உளவியலாளர்தான் செய்ய வேண்டும், நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் கருவிகள் வேறு: சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். என்ற திறன் மதிப்பீட்டுப் பட்டியல் (18 பிரிவு, பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள்), செகந்திராபாத்தின் எஃப்.ஏ.சி.பி. சரிபார்ப்புப் பட்டியல். நடத்தைச் சிக்கலுக்கு பேசிக்–எம்.ஆர்., அதில் இரண்டாம் பகுதி 75 கூறுகள். இந்த மூன்றையும் கையில் பிடித்து ஒரு பிள்ளையை முழுதாக மதிப்பிடப் பழகாமல் பி.எட். முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை

என் ஓட்டு கற்றல் குறைபாட்டுக்கு. காரணம் எளிது: சாதாரண வகுப்பறையில் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளைதான். அறிவுசார் குறைபாடு கண்ணில் படும். இது "சோம்பேறி" என்ற பெயரில் பத்தாம் வகுப்பு வரை போகும்.

ஆனால் இந்தப் பிரிவின் பாடநூல்களில் பெரும்பாலான எடுத்துக்காட்டு ஆங்கிலத்துக்கு உரியது. பி–டி மாற்றி எழுதுவது, மௌன எழுத்து எல்லாம் நம் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடத்தில்தான் உதவும். தமிழில் எழுத்தறிவு எங்கே உடைகிறது என்பதை நீங்களே தயார் செய்ய வேண்டும்.

தமிழில் எழுத்தும் ஒலியும் நெருக்கம்தான், ஆனால் எண்ணிக்கை 247. "கொடி" என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். வாய் சொல்வதோ க் முதலில், ஒ பிறகு. கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால். காலை "ர" என்று எடுத்துக்கொண்டு "கெரடி" என்று படிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி என்பதுதான் பதியவில்லை. இவர்களுக்கு கெ, கே, கை மூன்றையும் உறுதி செய்துவிட்டு, கொம்பையும் காலையும் ஒரே சிவப்பு அட்டையில் வெட்டி, நடுவே சன்னல் விட்டு, அந்தச் சன்னலில் க, ம, ப, த என்று மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். கொ, மொ, பொ, தொ. ஒரு நாளைக்கு நான்கு எழுத்துக்கு மேல் வேண்டாம். ஔகாரக் குறியை "ள" என்று படிப்பதும் இதே வகைப் பிழை.

அடுத்த பள்ளம் உகரம். கா, மா, பா என்றால் கால் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கு, சு, டு, து, பு, மு, று – வால் ஒன்றுபோல இல்லை. ஊகாரம் அதைவிட மோசம்: கூ, சூ, தூ, மூ. விதி சொல்லிப் பயனில்லை, ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே பழக்க வேண்டும். அகர வரிசையில் தொடங்கவும் வேண்டாம். ட, ப, ம என்று கோடு எளிதான எழுத்தில் தொடங்கினால் மூன்றாம் நாளே படம், மடம், பட்டம். காலைச் சேர்த்தால் பாடம், மாடம். சொல் படிக்க முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் உட்காரும்.

எச்சரிக்கை: "பழம்" என்பதை "பளம்" என்று எழுதினால் உடனே கற்றல் குறைபாடு என்று குறிக்காதீர்கள். நம் ஊர்ப் பேச்சில் ழகரம் எத்தனை பேர் வாயில் வருகிறது? ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் பேச்சிலிருந்து வருபவை. பெரியவர்களின் கடிதத்திலும் உண்டு. நிறையப் பாடம் நடத்தியபின்னும் குறில்–நெடில் கேட்டுப் பிரிக்க முடியாதது, சொல்லை அசையாகத் தட்ட முடியாதது, நேற்றுப் படித்த சொல்லையே இன்று எழுத்துக்கூட்டித் தொடங்குவது – கவனிக்க வேண்டியவை இவை.

மலைப்பாதை

செவ்வாய்ப்பேட்டை மேடம் சொன்ன கொடி விஷயம் அருமைங்க. ஆனா ஓட்டுல மாறுபடுறேன்.

மலை மேல வந்து பாருங்க. சின்னச் சின்னத் தொடக்கப் பள்ளி, ஒரே அறையில ரெண்டு மூணு வகுப்பு. வட்டார வள மையத்துலேர்ந்து போற சிறப்புப் பயிற்றுநர் வாரத்துல ஒரு நாள் ஒரு பள்ளிக்குப் போனா பெருசு. ஒன்றிய அரசோட 2022 அறிவிக்கை தொடக்க வகுப்புக்கு 10 பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல்வகுப்புக்கு 15 பேருக்கு ஒருத்தர்னு சொல்லுது. தாள்ல சரி. அந்தப் பத்துப் பேரும் நாலு பள்ளியில சிதறிக் கிடப்பாங்க, அதுல எல்லா வகையும் இருக்கும். "நான் கற்றல் குறைபாடு மட்டும்தான் படிச்சேன்"னு சொல்லவா முடியும்? அறிவுசார் பிரிவுல படிக்கிற வேலைப் பகுப்பாய்வு (ஒரு வேலையைச் சின்னப் படிகளா உடைக்கிறது), தூண்டல் (சொல்லியோ சைகை காட்டியோ கையைப் பிடிச்சோ உதவுறது), பதிவு எல்லாப் பிள்ளைக்கும் உதவும். எழுத்துப் பிழை ஆராயுறதைப் பிறகு சேர்த்துக்கலாம். அதைத் திருப்பிச் செய்யுறது கஷ்டம்.

அப்புறம் மலையில ஒண்ணு, கற்றல் குறைபாடுன்னு பேர் வைக்கிறதுக்கு முன்னால வருகைப் பதிவேட்டைத் திறங்க. நவம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் காப்பிப் பழம் பறிப்பு. அப்பா அம்மா தோட்டத்துக்குப் போனா தம்பி பாப்பாவைப் பார்க்கப் பெரிய பிள்ளை வீட்டுல நிக்கும். மூணு வருஷம் இப்படிப் போன பிள்ளைக்கு எழுத்து வரலைன்னா அது குறைபாடு இல்லைங்க, பாடம் கிடைக்கலை. வீட்டுல பேசுற மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரங்க இல்ல, இந்த மலை மக்கள்) பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் உண்டு, அதையும் கணக்குல எடுக்கணும். கண்ணு, காது சோதிச்சாச்சான்னு பாருங்க. அதுக்கப்புறம் தினமும் 20 நிமிஷம், 8 வாரம் ஒழுங்கா நடத்திட்டு முன்னேற்றம் எப்படின்னு பாருங்க. எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்புங்கிற முதல் நிலையிலயே நிக்கிற பிள்ளை எல்லாம் நம்ம பட்டியல்ல சேராது.

இந்தப் பருவக் கணக்கு ஐ.இ.பி.க்கும் பொருந்தும். அடிப்படை நிலையை ஜூன், ஜூலையில எடுத்துருங்க. புதுப் படிகளை நவம்பருக்குள்ள முடிங்க. பறிப்பு மாசத்துல பழையதை மறக்காம வச்சுக்கிற வேலை மட்டும். டிசம்பர்ல புது இலக்கு தொடங்கினா மார்ச்ல "முன்னேற்றம் இல்லை"ன்னு எழுத வேண்டி வரும். தப்பு பிள்ளை மேல விழும்.

ஐந்துரோடு

மலைப்பாதை சொன்னதோடு உடன்படுகிறேன். மலைக்கு அறிவுசார் பிரிவு. நகரத்தில், பெரிய தனியார் பள்ளியின் வள அறையில் வேலை என்றால் பதில் மாறும்.

இப்போது அந்த ஐ.இ.பி. "அறிவைப் பெறுதல்", "புரிந்துகொள்ளுதல்" இரண்டையும் அடித்துவிடுங்கள். பெற்றானா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாத வினை எதுவும் இலக்கில் வரக் கூடாது. எடுத்துக் கொடுப்பான், பிரித்து வைப்பான், எண்ணிச் சொல்வான் – இப்படி எழுத வேண்டும். நிபந்தனை, செயல், அளவு மூன்றும் ஒரே வாக்கியத்தில் நிற்க வேண்டும்.

அடிப்படை நிலை எங்கே? மூன்று நாள், கற்பிக்காமல், திருத்தாமல், "இரண்டு ரூபாய் எடு" என்று மட்டும் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாள் போதாது, குத்துமதிப்பில் சரியாகிவிடும். நான்கு நாணயம் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நாலில் ஒன்று சரிவரும். அதனால்தான் 5க்கு 4, அதுவும் தொடர்ந்து 3 நாள் என்று அளவு வைக்கிறோம்.

பதிவுத் தாளுக்குக் குறிகள் எளிமையாக இருக்கட்டும்: தானாகச் செய்தால் த, சொன்னபின் செய்தால் சொ, சைகை காட்டினால் சை, கையைப் பிடித்துச் செய்வித்தால் உ (உடல் தூண்டல்). படிகள் இடப்பக்கம், தேதிகள் மேலே. ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைக் குறுக்காகப் பார்த்தால் எந்தப் படியில் "சொ" நகராமல் நிற்கிறது என்று தெரியும். அந்தப் படி பெரிதாக இருக்கிறது, உடையுங்கள்.

பயிற்சி மாணவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் பிழை, தூண்டலை அவசரமாகக் கொடுப்பது. "இரண்டு ரூபாய் எடு" என்று சொன்ன மூச்சிலேயே "அதோ, அது, வெள்ளை" என்பார்கள். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு வாயைத் திறங்கள். அதைவிட நுட்பமானது கண். ஆசிரியர் சரியான நாணயத்தைப் பார்ப்பார், பிள்ளை ஆசிரியரின் கண்ணைப் பார்க்கும், நாணயத்தைப் பார்க்காது. தாளில் "த" "த" என்று விழும், வேறொருவர் கேட்டால் ஒன்றும் வராது. மேற்பார்வையாளர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான், சுவரில் சார்ட் மாட்டியிருக்கிறதா என்பதை அல்ல.

கடையில் வாங்குவது போன்ற தொடர் செயலுக்குக் கடைசிப் படியிலிருந்து கற்பிக்கும் முறை நல்லது. முன்படிகளை நீங்கள் செய்து, பொருளை வாங்கிக்கொள்வதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது உறுதியானதும் பணம் நீட்டுவது, அதற்குப் பின் பணம் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து பொருள் கையில் வருவதால் மிட்டாய் கொடுக்கத் தேவையில்லை.

செவ்வாய்ப்பேட்டை

ஒன்று சேர்க்கிறேன். ஆறாம் வகுப்பு, மிதமான நிலை என்றால் மீதிச் சில்லறை கணக்கிட வைத்து ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். பத்து ரூபாய்த் தாள்களை மட்டும் வைத்து "விலையைவிட ஒரு தாள் கூட" முறை. 18 என்றால் முன்னால் இருக்கும் 1ஐப் பார், ஒரு தாள் எடு, மேலே ஒன்று சேர். 34 என்றால் 3, மேலே ஒன்று, நான்கு தாள். கழித்தல் தெரியாமலே கடையில் நிற்கலாம். சிக்கல் 20, 30 என்று முழு எண் வரும்போது: ஒரு தாள் கூடுதலாகக் கொடுப்பான். நஷ்டமில்லை, கடைக்காரர் திருப்பித் தருவார். அதைத் திருத்தப் போய் முறையைக் குழப்பாதீர்கள்.

வெள்ளக்கடை_மிளகு

எல்லாருக்கும் நன்றிங்க. அறிவுசார் பிரிவுன்னு முடிவு. திருத்தி எழுதியது:

"அடிப்படை நிலை (3 நாள்): கலந்து வைத்த 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களில் கேட்டதை எடுப்பது – 5க்கு 2, 5க்கு 1, 5க்கு 2. ஐந்தும் பத்தும் சரி, 1–2 குழப்பம்.
குறுகிய கால இலக்கு: 1, 2 ரூபாய் நாணயங்கள் பத்தைக் கலந்து வைத்து 'இரண்டு ரூபாய் எடு' எனக் கேட்டால், தூண்டல் இல்லாமல், 5 முறைக்கு 4 முறை, தொடர்ந்து 3 நாள், இரண்டு வெவ்வேறு நபர்களிடம் எடுத்துக் கொடுப்பான். காலம்: ஜூலை–செப்டம்பர்.
பொருள்: உண்மையான நாணயங்கள். 2 ரூபாய் பெரியது, 1 ரூபாய் சிறியது என அளவை ஒப்பிட்டுக் காட்டல்."

மலைப்பாதை

ரொம்பத் தேறிருச்சுங்க. கடைசி வரியில மட்டும் கை வைக்கணும்.

அளவை வச்சுக் கற்பிச்சா பெட்டிக்கடையில மாட்டிக்குவான். 2019 வரிசையில ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், ரெண்டு ரூபாய் 23. இந்த ரெண்டு மட்டும் புழக்கத்துல இருந்தா நீங்க சொன்னது சரி. ஆனா 2011 வரிசையும் கையில ஓடுது: அதுல ஒரு ரூபாய் 22, ரெண்டு ரூபாய் 25. பழைய ஒண்ணுக்கும் புது ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர். அதுக்கும் முந்தி கைவிரல் முத்திரை போட்ட நாணயம் இருக்கு, அதுல ஒரு ரூபாயே 25. அதாவது 2011 ரெண்டு ரூபாய் அளவு. "பெருசு ரெண்டு"ன்னு பழகின பையன் அதைத் தப்பாத்தான் எடுப்பான். நிறமும் உதவாது, எல்லாமே வெள்ளை. அஞ்சு ரூபாயும் பத்து ரூபாயும் அவனுக்குச் சரியா வர்றது மஞ்சள் நிறத்தால. அதை எண் தெரிஞ்சு எடுக்கிறான்னு நினைச்சுக்காதீங்க.

எண்ணைத்தான் பிடிக்கணும். 1, 2 ரெண்டு இலக்கத்தையும் தனி அட்டையில அடையாளம் காட்டுறானான்னு முதல்ல பாருங்க. அது வந்தபிறகு நாணயத்தை எண் பக்கம் மேல வச்சுத் தொடங்குங்க. அடுத்து, தலைகீழா விழுந்ததைத் திருப்பிப் பார்க்கிறது ஒரு தனிப் படி. அதைப் பகுப்பாய்வுல எழுதலைன்னா சிங்கத் தலை மேல இருக்கிற நாணயத்தைக் கையில வச்சுக்கிட்டு முழிப்பான். கைவிரல் நாணயத்துல கட்டைவிரல் ஒண்ணுக்கு, ரெண்டு விரல் ரெண்டுக்கு, அது போனஸ்.

பத்து நாணயமும் ஒரே பையிலேர்ந்து எடுத்து மூணு மாசம் ஓட்டாதீங்க. வாராவாரம் பஸ் சில்லறையில மாத்துங்க. தேஞ்சது, கறுத்தது, ஓரம் அடிபட்டது எல்லாம் இருக்கட்டும். எண்ணப் பழக காப்பிக்கொட்டை, மிளகு போதும், காசு கொடுத்துப் பிளாஸ்டிக் மணி வாங்காதீங்க. மிளகு சின்னதா இருந்து நழுவினா காப்பிக்கொட்டை. சிவந்த பழம், பச்சைக் காய் பிரிக்கிறது தொழிலுக்கு முந்தைய பயிற்சியா நல்லா வரும். அதுக்கு முன்னால சிவப்பு–பச்சை நிறக்குருடு இல்லைன்னு சோதிச்சுக்குங்க. அரைக் கிலோவுக்கு மேல வேண்டாம், பாடம் தோட்ட வேலையா மாறிடக் கூடாது.

வெள்ளக்கடை_மிளகு

திருப்பிப் பார்க்கிறது தோணவே இல்லைங்க. "நாணயத்தைத் திருப்பி எண் உள்ள பக்கத்தைப் பார்ப்பான்" – ரெண்டாவது படியா சேர்த்துட்டேன். இலக்க அட்டை முதல் படி. அப்போ ஜூலையில அடிப்படை நிலையை மூணு வரிசை நாணயத்தையும் கலந்து மறுபடி எடுக்கணும், இல்லைங்களா?

மலைப்பாதை

ஆமாங்க. எந்த வரிசை நாணயத்துல தப்பினான்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டு எழுதிக்குங்க.